வாடகைக்கு ஒரு வினைச்சொல்

மர்ஃபி டவுனில் பன்னிரண்டாவது வீடு.
கேட்டில் கம்பியால் கட்டிய தகரம்:
டு லெட்.
பெயின்ட் வழிந்து
கடைசி எழுத்துக்குத் தாடி முளைத்திருந்தது.

மேலே வரச்சொன்னார் ருத்ரேஷப்பா.
படியெல்லாம் ஈரச் சிமென்ட் வாசனை, ஒற்றைச் செருப்பு.
தண்ணீர் காவேரியா போர்வெல்லா என்று நான் கேட்குமுன்
அவர் கேட்டார்:
நான்வெஜ்ஜா, எத்தனை பேர்,
ஹஸ்பெண்டுக்கு எங்கே வேலை.

விடுகிறேன் என்று எழுதிவைத்து
வாசலில் மறிக்கும் மனிதர்.
தப்பு அவர்மேல் இல்லை, அந்தச் சொல்லே அப்படி.

எனக்குத் தெரியும். என் பிழைப்பு அது.
கோர்ட் காகிதங்களைத் தமிழாக்க
பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
ஒருமுறை ஒரு பாஸ்போர்ட்டின் உள்பக்கம் வந்தது:
இதை வைத்திருப்பவரை
'லெட்' இன்றி, இடையூறு இன்றிப்
போக அனுமதிக்குமாறு
ஜனாதிபதியின் பெயரால் கேட்டிருந்தார்கள்.
விடாமல் எப்படிப் போக விடுவது?
அரை மணி நேரம் பேனா நகரவில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவை இரண்டு சொற்கள்.
லேட்டன் என்றால் விடு, கையை எடு.
லெட்டன் என்றால் மறி, பிந்தவை, குறுக்கே நில்.
நெடிலுக்கும் குறிலுக்கும் நடுவே இருந்த வேலி
யாரும் பார்க்காத ஏதோ ஒரு நூற்றாண்டில் சாய்ந்துபோக
இரண்டும் ஒரே வீட்டில் குடியேறின,
ஒரே வாசல், ஒரே மீட்டர்.
மறிப்பவன் எப்போதோ காலிசெய்தான் என்கிறார்கள்.
முழுக்கப் போகவில்லை.
டென்னிஸில் சர்வ் போட்ட பந்து வலையை உரசி விழுந்தால்
நடுவர் கூப்பிடுவது அவனைத்தான்.
நாம் தினமும் சொல்லும் 'லேட்' அவனுக்குப் பங்காளி.
பஸ் லேட். சம்பளம் லேட்.
என் அப்பா, எல்லாப் படிவத்திலும், லேட்.

இன்னும் கீழே தோண்டினால்
இருவருக்கும் ஒரே வேர்:
தளர்தல்.
தளர்ந்த கை எதையும் விட்டுவிடும்,
தளர்ந்த கால் பிந்திவிடும்.
இதைப் படித்த அன்றைக்கு
அகராதியை மூடாமலே தூங்கிப்போனேன்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.
விடு என்பதை இழுத்துச் சொன்னால் வீடு,
நாலு சுவரும் கூரையும் வந்துவிடும்.
பெரியவர்கள் அதற்கும் மேலே போய்
பிறவியை விடுவதற்கும் அதே பெயர் வைத்தார்கள்.
பதினொரு வருஷம் இருந்த வீட்டை
இரண்டு பெட்டியோடு விட்டு வந்தவளிடம்
இலக்கணம் ரொம்பத் தாராளம்.

ஹஸ்பெண்ட், என்றார் மறுபடி.
இல்லை.
இல்லைன்னா?
இருக்கிறார். என்னோடு இல்லை.

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார்,
காலண்டரைப் பார்த்தார்,
பிறகு கையை வீசிச் சொன்னார்:
பிடி மேடம், பிடி.

கன்னடத்தில் அது விடுங்கள்.
நம் வகரம் அங்கே போனால் உதட்டை மூடிக்கொள்ளும்.
எதை விட?
அந்தக் கேள்வியையா, இந்த வீட்டையா?
என் காது தமிழ்க் காது.
அதற்குள் கை தானாக நீண்டுவிட்டது,
பிடித்துக்கொள்ள.

நீட்டிய கையை அவர் பார்த்தார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை பெரிது.
சாவி சில்லென்று இருந்தது.
பத்து மாச அட்வான்ஸ், என்றார்.
போகும்போது அந்த போர்டை அவிழ்த்துவிடுங்கள்.

கீழே வந்து கேட்டருகே நின்றேன்.
முறுக்கிய கம்பி
துருப்பிடித்திருந்தது.
நகம் உடையும்வரை இழுத்தேன்.
விடவில்லை.